பாண்டிக்காக நான் சொன்ன ஐந்து பதில்கள்

பாண்டீஸ்வரி புல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் டீம் பிசியோ அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் குனிந்து நின்றேன். மூன்று பேர் மேலும் வலிக்கு அடிக்கும் ஸ்பிரேயின் வாடை. மழை விட்ட மைதானம். ஷூவுக்குள் என் சாக்ஸ் சளக் சளக்கென்று சத்தம் போட்டது.

பாண்டியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்னமோ முணுமுணுத்தாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று பிசியோ ஹிந்தியில் என்னிடம் கேட்டார்.

"சாமி கும்பிடுகிறாள்" என்றேன் நான்.

பொய். அவள் என்ன சொன்னாள் என்று அந்த மைதானத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இந்த வாரத் தொடரை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் ஜெர்சி அளவைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதினேனே, அதுகூட இதை எழுதாமல் தப்பிக்கத்தான். படித்துச் சிரித்ததாக நீங்கள் கடிதம் போட்டிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருப்பரங்குன்றத்து மண்

நாங்கள் இருவரும் கபடிக்காரிகள். நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிறந்தவள். பாண்டி எழுமலைக்கு அந்தப் பக்கம். அவள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை எடுத்து அவளை மதுரைக்குப் படிக்க அனுப்பினார்கள். ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே கபடி டீம்.

ஒரு நாள் திருப்பரங்குன்றத்தில் நாங்கள் பழகும் கிரவுண்டுக்கு ஒரு கோச் வந்தார். கையில் இரண்டு பக்கமும் கூம்பின பந்து. மாநில ரக்பி டீமுக்கு ஆள் குறைகிறது, கபடிப் பிள்ளைகள் ஆளைப் பிடிப்பதில் பயப்படமாட்டார்கள் என்று எங்களைத் தேடி வந்திருந்தார். பாண்டி அந்தப் பந்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காத்து சரியா அடிக்கலையா சார்?" என்று கேட்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடினது செவன்ஸ். அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். பந்தைக் கையால் முன்னால் போடக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் போடவேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் அதற்கு ட்ரை என்று பெயர். ஐந்து பாயிண்ட்.

எல்லாம் பாண்டிக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இரண்டு விஷயம் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கபடியில் ஏழு பேரும் சேர்ந்து அமுக்கினாலும் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிழைத்தாள். ரக்பியில் அப்படி இல்லை. பிடித்து வீழ்த்திவிட்டால் பந்தை விட்டுவிடவேண்டும். இவள் விடமாட்டாள். விழுந்த இடத்திலிருந்து பந்தோடு ஊர்ந்து கோட்டைப் பார்த்துப் போவாள். கோச் தலையில் அடித்துக்கொள்வார்.

இன்னொன்று, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது "கபடி கபடி கபடி" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே ஓடுவாள். மற்ற மாநிலத்துப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவளுக்கு ரோஷம். ஒரு வருஷம் வாயில் துணியைக் கவ்விக்கொண்டு ஓடிப் பழகி அதை விட்டொழித்தாள். பிறகு ஒருமுறைகூட அவள் வாயிலிருந்து நான் அதைக் கேட்டதில்லை, அந்த மழை மைதானம் வரை.

அன்றைக்கு அவள் முணுமுணுத்தது அதுதான்.

நடுவில் நின்றவள்

இந்திய முகாமில் மதுரையிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். கோச் ஹிந்தி, பிசியோ ஹிந்தி, சமையல்காரர்கூட ஹிந்தி. எனக்குச் சின்ன வயதிலிருந்தே காது கூர்மை. மூன்று மாதத்தில் பேச வந்துவிட்டது. பாண்டிக்கு வரவில்லை. "பகடோ", "சோடோ" என்று பிடி, விடு இரண்டோடு நின்றுகொண்டாள்.

"நீ இருக்கேல்ல. அப்புறம் எனக்கெதுக்கு?" என்பாள்.

அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோச் அவளைத் திட்டினால் பாதியை முழுங்கிவிட்டு மீதியைச் சொல்வேன். அவள் பதிலுக்கு எகிறினால் அதை மன்னிப்பாக மாற்றிச் சொல்வேன். ரசத்தில் புளியே இல்லை என்று அவள் சமையல்காரரைக் கிழித்ததை, சாப்பாடு பிரமாதம் என்று நான் சொல்லி, அவர் சந்தோஷத்தில் அதே ரசத்தை அவளுக்கு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். அறைக்கு வந்து இருவரும் உருண்டு சிரித்தோம்.

இப்படி மாற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு அது பழகிப்போனது. இரண்டு பக்கமும் என்னை நம்பினார்கள். இரண்டு பக்கத்துக்கும் எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். திமிர்தான், வேறென்ன.

இடது மூலை

அந்தப் போட்டிக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆசிய நாடுகள் ஆடுகிற இரண்டாம் கட்டப் போட்டி. லீக்கில் கடைசி மேட்ச். ஜெயித்தால் பதக்கத்துக்கு ஆடலாம், தோற்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தாலும் நான்கு பேருக்குக் காலோ தோளோ கட்டுப் போட்டிருந்தது. எழுந்து ஓடுகிற நிலையில் இருந்தது ஒரு புதுப் பிள்ளை மட்டும்.

பாண்டி ட்ரை வைக்கிற ஆள் இல்லை. அவள் வேலை ஆளைச் சாய்ப்பது, பந்தைப் பிடுங்குவது. வேகமாக ஓடுகிற பிள்ளைகள்தான் கோட்டைத் தாண்டிப் பெயர் வாங்குவார்கள். இந்தியாவுக்கு ஆடிய மூன்று வருஷத்தில் அவள் ஒரு ட்ரைகூட வைத்ததில்லை. வெளியே சிரிப்பாள். உள்ளே அது அவளை அரித்தது எனக்குத் தெரியும்.

முதல் பாதி முடிய சில விநாடி. மூன்று பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா இடது பக்கம் உடைத்துக்கொண்டு ஓடினாள். பிடிபடுகிற நேரத்தில் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பின்னால் போட்டாள். அங்கே பாண்டி. வாங்கினாள், ஓடினாள், இருவர் பாய்ந்து அமுக்கினார்கள். கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தாள்.

விழுந்த வேகத்திலேயே கையை நீட்டினாள். அதே கபடிக் கை. விழுந்தவுடன் ஒரே எட்டில் நீட்டி வைத்தால் ரூல்படி செல்லும். பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லில் அழுந்தியது. ரெஃப்ரி கையைத் தூக்கினார். எந்தப் பழக்கத்தை விடு விடு என்று கோச் தொண்டை கிழியக் கத்தினாரோ அது இரண்டு பாயிண்ட் முன்னிலையை எங்களுக்கு வாங்கித் தந்தது. சுனிதா அவள் மேல் விழுந்து கத்தினாள். நான் அழுதேன்.

ஐந்து கேள்விகள்

இரண்டாவது பாதியின் இரண்டாம் நிமிடம். ஒருத்தியைச் சாய்க்கப் போன பாண்டியின் தலை அவள் இடுப்பெலும்பில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினார். பிசியோ ஓடி வந்தார்.

தலையில் அடிபட்டால் ஐந்து கேள்வி கேட்பார்கள். ஒன்றுக்குத் தப்பாகச் சொன்னாலும் வெளியே அனுப்பிவிடவேண்டும். பிசியோ ஹிந்தியில் கேட்க, நான் தமிழில் கேட்டேன்.

இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்?

"திருப்பரங்குன்றம் கிரவுண்டு" என்றாள் பாண்டி. நான் அந்த வெளிநாட்டு மைதானத்தின் பெயரைச் சொன்னேன்.

எந்தப் பாதி?

"ரெண்டாவது." இது சரி. அப்படியே சொன்னேன்.

கடைசியாக ட்ரை வைத்தது யார்?

பாண்டி என்னையே பார்த்தாள். "தெரியலடி. நீயா?" என்றாள். நான் பிசியோவிடம், "தான்தான் வைத்ததாகச் சொல்கிறாள்" என்றேன். பிசியோ சிரித்துவிட்டார்.

இதற்கு முன் எந்த அணியோடு ஆடினோம்?

"காலேஜ் டீமு." காலையில் ஆடின நாட்டின் பெயரைச் சொன்னேன்.

ஜெயித்தோமா?

"மலரு, லைட்டை அணைக்கச் சொல்லுடி" என்றாள். மைதானத்தில் லைட்டே இல்லை. பகல் மூன்று மணி.

"ஜெயித்தோம் என்கிறாள்" என்றேன்.

பிசியோ அவள் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் சரியான பதில் வந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ சமாதானம் வைத்திருந்தேன். அடிபட்டாலும் வெளியே போகக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம் என்பது ஒன்று. நாட்டுக்காக என்பது இன்னொன்று. எல்லாம் பம்மாத்து. பதக்கம் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை. அந்த வேலை எனக்கு வேண்டும். பாண்டி வெளியே போனால் தோற்போம் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான்.

மூன்று நிமிடம்

மூன்று நிமிடம் ஆடினாள். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல ஓடினாள். அப்புறம் ஒருத்தியின் முழங்காலில் அதே தலை, அதே பக்கம். அது பெரிய அடிகூட இல்லை. ஆனால் விழுந்தவள் எழவில்லை.

மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். நாங்கள் மேட்சை ஜெயித்தோம், மறுநாள் வெண்கலமும் வாங்கினோம். அவள் பதக்கத்தை நான்தான் என் பைக்குள் வைத்து மதுரைக்குக் கொண்டுவந்தேன்.

இன்றைக்கு ஒரு அரசு அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சர்டிபிகேட்டில் வந்த நாற்காலி. பாண்டிக்கும் அதே சர்டிபிகேட் இருக்கிறது. கம்ப்யூட்டர் வெளிச்சத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் வாந்தி எடுப்பவளுக்கு அதை வைத்து என்ன வேலை கொடுப்பார்கள்?

எழுமலைக்கு அப்பால்

இப்போது அவள் ஊரில் இருக்கிறாள். புருஷன் முருகேசன் அண்ணன். நாசிக், நாக்பூர் என்று பத்து வருஷம் வெங்காய லாரி ஓட்டியவர். இவளைத் தனியாக விட முடியாது என்று லாரியை விட்டுவிட்டு உள்ளூரிலேயே லோடு வண்டி ஓட்டுகிறார். பாண்டிக்கு வெயில் ஆகாது, சத்தம் ஆகாது. ஊர்த் திருவிழாவுக்குக் கொட்டு அடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்துக்கொள்வாள். நாலு வரி வாசித்தால் எழுத்து ஓடுகிறது என்பாள். ஒரு காலத்தில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடினவள்.

மாதம் ஒருமுறை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். மேட்ச் அன்றைக்குக் காலையில் கிரவுண்டுக்குப் பஸ்ஸில் போனது வரைதான் அவளுக்கு ஞாபகம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமில்லை.

"அந்த ட்ரையைச் சொல்லு" என்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். நானும் சொல்வேன். சுனிதா போட்ட பந்து, நீட்டின கை, ரெஃப்ரி, எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்த மேட்சுக்கு வீடியோ கிடையாது. எங்கள் ஊர்ப் பேப்பரில் வெண்கலம் என்று இரண்டு வரி வந்தது. அவள் ஆடின ஆட்டம் முழுக்க என் வாயில்தான் இருந்தது.

நான் போகும்போதெல்லாம் இரண்டு தெரு தள்ளியிருக்கிற அவள் அம்மாவும் வந்துவிடுவார். டீ போடுவார். போட்டுக்கொண்டே மகளைத் திட்டுவார். கேள்வி கேட்டப்ப தலைவலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா விட்டிருப்பாகள்ல, சரியாப் பதில் சொல்லிட்டு வீம்புக்குப் போயி விழுந்திருக்கா பாரு என்று புலம்புவார். பாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான்ம்மா, என் கொழுப்புத்தான்" என்பாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து டீயைக் குடிப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வருஷக்கணக்காக.

வாசித்துக் காட்டியது

இதுவரை எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். அவளுக்குத் தெரியாமல் அச்சில் வரக் கூடாது என்பது ஒன்று. இதை எழுதாமல் இனி ஒரு வாரம்கூட எழுத முடியாது என்பது இன்னொன்று. அவளால் வாசிக்க முடியாது. அதனால் நானேதான் வாசிக்கவேண்டும்.

முருகேசன் அண்ணன் வெளியே வேப்பமர நிழலில் வண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். பாண்டி பாயில் படுத்து நெற்றியில் ஈரத் துண்டு போட்டிருந்தாள். வாசித்தேன். காற்றில்லாத பந்து வந்தபோது சிரித்தாள். ரசத்துக்குச் சத்தமாகவே சிரித்தாள். ஐந்து கேள்விக்கு வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முடித்தபோது துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"கபடி சொன்னேனா?"

"ஆமா."

"நெனப்புத் தப்புனாத்தான் எனக்கு அது வரும்னு ஒனக்குத் தெரியும்லடி?"

"தெரியும்."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மா வாயில எம்புட்டு வாங்கிக் கட்டிருக்கேன். நீ பக்கத்துல ஒக்காந்து டீ குடிச்சியேடி."

நான் அழுதேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆறுதல் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், எழுந்து போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப அந்த ட்ரை?"

எனக்கு உடனே புரியவில்லை.

"நான் வச்சேன்னு சொல்லுவியே. அதாச்சும் நெசமா? இல்ல அதுவும் நீயாச் சொன்னதா?"

நிஜம் என்றேன். சத்தியம் என்றேன்.

"நீ சொல்லி நான் எப்புடி நம்புறது?" என்றாள். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

போனை எடுத்துச் சுனிதாவை அழைத்தேன். நல்லவேளை, எடுத்தாள். பாண்டி பக்கத்தில் இருக்கிறாள், அந்த மேட்சில் நடந்ததைச் சொல் என்று மட்டும் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். சுனிதா சந்தோஷத்தில் கூவிவிட்டு ஹிந்தியில் கொட்ட ஆரம்பித்தாள். பழக்க தோஷம், நான் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன்.

பாண்டி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "இந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு கேட்டு நீங்க சொல்லுங்க. இவ வேணாம்."

முருகேசன் அண்ணன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி வந்து குத்தவைத்தார். லாரி ஹிந்தியில் ஏதோ கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீதான் வச்சியாம்" என்றார் அவர். "இந்தப் புள்ளதான் பந்து குடுத்துச்சாம். எடது மூலைல. ரெண்டு பேரு அமுக்கியும் கைய நீட்டி வச்சிட்டியாம். கபடில கோட்டத் தொடுவாகள்ல, அப்புடியாம்."

"இன்னொருக்கா கேளுங்க."

கேட்டார். சுனிதா மறுபடியும் சொன்னாள். அவரும் மறுபடியும் சொன்னார். பாண்டியின் வலது கை பாயின் விளிம்பைத் தாண்டித் தரையில் அழுந்தியிருந்தது. அழுதாள். சத்தமில்லாமல் நெடுநேரம் அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எழுது. என் பேரப் போட்டே எழுது. அஞ்சு கேள்விக்கும் நான் என்ன சொன்னனோ அதை எழுது, நீ சொன்னதை இல்ல."

"சரி."

"எங்கம்மாட்டயும் நீயே போயிச் சொல்லு. இன்னைக்கே."

அடுத்த மாதம் வரட்டுமா என்று கேட்டேன். அவள் துண்டை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

இரண்டு தெரு நடந்தேன். அவள் அம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "வா மலரு, ஒக்காரு, டீ போடுறேன்" என்று எழுந்தார்.

டீ வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.